இழுவைச் சோறு

பரலோகமாதா என்கிற தோணி, என்ஜினும் இல்லாமல் பாயும் இல்லாமல் துடுப்பும் இல்லாமல் தானாகவே ஓடிக் கரைக்கு வந்து சேர்ந்த செவ்வாய்க்கிழமை காலையில், வேம்படித்துறைக்காரர்களாகிய நாங்கள் முதலில் கேட்ட கேள்வி அது எப்படி ஓடியது என்பதல்ல, ஏன் சத்தமில்லாமல் வந்தது என்பதுதான். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி திரும்பி வருகிறது என்றால் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே அதன் என்ஜின் அடிவானத்திலிருந்து இருமத் தொடங்கும். அந்த இருமலைக் கேட்டுத்தான் கப்பல்காரன் பெண்டாட்டி உலையில் கூட இரண்டு கை அரிசி போடுவாள், சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கலைப்பார்கள், பாதர் அங்கியை மாட்டிக்கொண்டு துறைக்கு நடப்பார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தோணி துறையில் நிற்கிறது, அதன்மேல் ஐந்து பேர் முகம் வெளிறி நிற்கிறார்கள், கயிறு வாங்கிக் கட்டக்கூட கரையில் ஆள் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற எதுவும் நல்லதற்கு வருவதில்லை என்று எங்கள் பெண்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். பரலோகமாதாவின் தண்டல் கஸ்பார், அறுபது வயது, முப்பத்தெட்டு வருஷம் கடலில் கிடந்தவர். அவர் இறங்கி வந்து சொன்னது இவ்வளவுதான்: மாலத்தீவை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் நாள், அடியில் சுழலும் விசிறி தண்டோடு ஒடிந்து கடலுக்குள் போய்விட்டது, பழைய பாயை எலி தின்று பத்து வருஷமாயிற்று, அரைநாள் அலைந்துகொண்டே கிடந்தார்கள், ஜெபமாலையில் மூன்றாவது பத்துமணியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தோணி நடக்கத் தொடங்கியது.

“நடந்துச்சா? யாரு இழுத்தா?” என்று கேட்டார் ஊர்த்தலைவர் மச்சாது.

“யாரும் இழுக்கல.”

“யாரும் இழுக்காம எப்படிவே வரும்?”

“அதைத்தான் நானும் வழியெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தேன்” என்றார் கஸ்பார். சொல்லிக்கொண்டே கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடலில் அரைநாள் கதியற்றுக் கிடந்த மனிதன் அப்படிப் பார்க்கத்தான் செய்வான் என்று நாங்கள் நினைத்தோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்படாமல் விட்டோம், அதுதான் எங்கள் பிழை.

மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். சங்கு குளிக்கிறவர்கள் நான்கு பேர் தோணிக்கு அடியில் முங்கிப் பார்த்தார்கள், கயிறு இருக்கிறதா, வேறு நாட்டுக்காரன் ஏதாவது பொருத்தி வைத்திருக்கிறானா, பெரிய மீன் ஏதாவது முதுகு கொடுக்கிறதா என்று. பாசியும் சிப்பியும்தான் இருந்தன. ஆனால் அடிப்பலகையை ஒட்டிய தண்ணீர் மட்டும், ஆள் படுத்து எழுந்துபோன பாய் மாதிரி வெதுவெதுப்பாக இருந்ததாக ஒருவன் சொன்னான். துறைமுக அதிகாரி தன் படிவத்தோடு வந்தார். அதில் ‘எதனால் ஓடுகிறது’ என்று ஒரு கட்டம் உண்டு. துடுப்பு, பாய், நீராவி, டீசல், மற்றவை. அவர் பேனாவைத் திறந்து, ‘மற்றவை’க்கு நேரே வைத்து, மற்றவை என்றால் விளக்கம் எழுத வேண்டும், விளக்கம் எழுதினால் மேலே கேட்பார்கள், இதில் கடத்தல் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதும் அவருக்கு வழக்கமாகிவிட்டது.

எங்கள் ஊரில் தோணி என்பது புதிதாகப் பிறக்கிற சாமான் இல்லை. ஒரு தோணி கழிந்தால் அதன் அடிக்கட்டையை எடுத்து அடுத்த தோணிக்கு வைத்துக் கட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் பரலோகமாதாவின் வயிற்றில் கிடக்கிற கட்டை, இருபத்துநாலு பேர் துடுப்பு வலித்த காலத்துக் கட்டை. பிறகு அதே கட்டையின்மேல் பாய்மரம் ஏறியபோது பதினாலு பேரைக் கரையில் இறக்கிவிட்டார்கள், காற்று எவன் வீட்டுப் பிள்ளை, கூப்பிட்டால் வருமா என்று ஊர் சந்தேகப்பட்டது, ஆனால் வந்தது. வெள்ளைக்காரன் நாளில் நீராவிப் படகு ஒன்று வந்து தோணிகளை வரிசையாகக் கட்டி இழுத்தது; அது புகை விடும்போதெல்லாம் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்; ஊரைச் சுற்றி நின்ற பூவரசும் உடைமரமும் ஒவ்வொன்றாக அதன் அடுப்புக்குள் போய், கடைசி மரமும் தீர்ந்த மாதத்தில் அதுவும் போய்விட்டது, நிழல் திரும்பி வரவில்லை. பிறகு டீசல் என்ஜின். மீன் செவிடாகும் என்றார்கள், கரு தங்காது என்றார்கள், அப்புறம் அதன் இருமல் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்றார்கள். பத்துப் பேரில் இன்னும் நாலு பேர் கரையில் இறங்கினார்கள். துடுப்பு மனிதனின் தோளைத் தின்றது, பாய் அவன் பொறுமையைத் தின்றது, நீராவி மரத்தைத் தின்றது, டீசல் காதைத் தின்றது. தின்னாமல் ஓடிய தோணி ஒன்றும் கிடையாது. அப்படியானால் இப்போது இது எதைத் தின்கிறது?

ஊரே வீடு வீடாகத் தேடியது. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் தன் பள்ளிக் கடிகாரம் தினமும் ஆறு நிமிஷம் பின்னால் போவதாகச் சொன்னார். உப்பு சீக்கிரம் தீர்கிறது என்று ஒருத்தி சொன்னாள், உடனே எல்லார் வீட்டிலும் உப்பு சீக்கிரம் தீர்ந்தது. ஒருவன் தன் இடது காலை வலது காலோடு ஒப்பிட்டுப் பார்த்து அழுதான். கோயில் மணியின் நாக்கு தேய்ந்திருந்தது, ஆனால் அது இருநூறு வருஷத்து மணி. ஒரு மாதத்தில் இரண்டு நடை போய்வந்துவிட்டது பரலோகமாதா, ஒரு சொட்டு டீசல் இல்லாமல். ஒவ்வொரு முறை அது சத்தமில்லாமல் வந்து நிற்கும்போதும் நாங்கள் எங்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டோம்.

இதற்கு நடுவே பெரிய தலைவலி ஒன்று இருந்தது, அது இழுவைச் சோறு.

தோணி நல்லபடியாகத் திரும்பினால் துறையில் சமைத்து ஊரே சாப்பிடுவது எங்கள் வழக்கம். முதல் இலை இழுத்தவனுக்கு. அவன் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் தின்று, எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். அதுவரை தண்டலானாலும் தலைவரானாலும் பாதரானாலும் நின்றே இருக்க வேண்டும். துடுப்புக் காலத்தில் வலித்தவர்கள் உண்டார்கள். பாய்க் காலத்தில் பாய்மரத்தின் காலடியில் இலை போட்டு, காக்கை தின்று முடிக்கும்வரை காத்திருந்தார்கள். என்ஜின் வந்த பிறகு டிரைவர் உண்டார். பரலோகமாதாவின் டிரைவர் பெர்க்மான்ஸ் பதினேழு வருஷமாக அந்த இலையில் உட்கார்ந்தவர். இப்போது அவர் உட்கார மாட்டேன் என்றார். “நான் ஒண்ணும் செய்யலியே, எப்படி உக்கார?” என்றார். இலை போட்டது போட்டபடி இருந்தது. காக்கையும் வரவில்லை. ஊரே பசியோடு நின்று, வெயில் ஏறி, கடைசியில் சோற்றைக் கடலில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. மூன்று நடைக்கும் இதே கதி. சோறு வாங்காமல் வேலை செய்கிறவனை எப்படி நம்புவது? அவன் வேறு எதையோ எடுத்துக்கொள்கிறான் என்றுதானே அர்த்தம்?

அப்போதுதான் தண்டல் கஸ்பார் ஊர்க் கமிட்டியில் எழுந்து, தனக்கு இழுப்பவன் யாரென்று தெரியும் என்றார்.

“தொபியாஸ்” என்றார். “நம்ம தொபியாஸ்தான் இழுக்கான்.”

தொபியாஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே பரலோகமாதாவிலிருந்து கடலில் போனவன். போகும்போது இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றுக்குக் கூப்பிட்டால் ஆள் இல்லை. எப்போது விழுந்தான், எங்கே விழுந்தான் என்று யாருக்கும் தெரியாது. ஊர் கூடி நின்று கேட்டபோது கஸ்பார் கண்ணீரோடு சொன்னதை நாங்கள் இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். “துடுப்புக் காலமா இருந்தா, விழுந்தவன் கூப்பிட்டாக் கேக்கும், திரும்பவும் செய்யலாம். பாய்க் காலமா இருந்தா கேக்கும், திரும்பத்தான் முடியாது. இது என்ஜின் காலம். திரும்ப முடியும், கேக்காது. பத்துப் பாகத்துக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் கேக்காது. நான் என்ன செய்யட்டும்?” இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பத்துப் பாகம் என்றால் கயிறு எறிந்தால் எட்டுகிற தூரம்தான். அந்தத் தூரத்தில் கத்திச் செத்தவனை நினைத்து நாங்கள் அழுதோம். அழகாகச் சொன்னதால் நம்பினோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

தொபியாஸின் மனைவி ரெஜினாள் மட்டும் அழவில்லை. அவள் துறைமுகத்தில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியில் மூட்டை வாய் தைக்கிறவள். கோணி ஊசியும் சணலுமாக நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். மூன்று வருஷமாக அவள் வெள்ளை உடுத்தவில்லை, தாலியைக் கழற்றவில்லை, இறந்தவனுக்கு வைக்கிற பூசைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு வரட்டும், இல்லாவிட்டால் உண்மை வரட்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். கிறுக்கு என்றோம். பாதர்கூட இரண்டு முறை போய்ச் சொல்லிப் பார்த்தார்.

ஆகவே கஸ்பார் சொன்னதும் ஊருக்குப் பெரிய நிம்மதி வந்தது. இழுப்பவன் நம்மாள். ஒன்றையும் தின்னவில்லை, பிரியத்தில் இழுக்கிறான். உப்பு பழையபடி நிலைத்தது, டீச்சரின் கடிகாரம் சரியாயிற்று, அழுதவனின் கால் இரண்டும் ஒரே அளவாயின. செத்தவனுக்கு உரிய சோறு அவன் பெண்டாட்டிக்குத்தானே? அடுத்த நடை வந்ததும் இழுவைச் சோற்றைப் பெரிய தாம்பாளத்தில் வைத்து, மீன்குழம்பும் அவித்த முட்டையுமாக, கொட்டு மேளத்தோடு ரெஜினாள் வாசலுக்குக் கொண்டுபோனோம்.

அவள் கதவை அரையாகத் திறந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். வாங்கினால் புருஷன் செத்தான் என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி.

“தண்டல் மாமா” என்றாள், “என் புருஷன் இழுக்கான்னு யாரு உங்ககிட்ட சொன்னா?”

“யாரும் சொல்ல வேண்டாம் தாயி. எனக்குத் தெரியுது. நல்ல ஆத்துமா. நம்மளை விட்டுப் போவாம கூடவே வாரான்.”

“உங்க மேல அவருக்குக் கோவமே இல்லையாக்கும்?”

“எதுக்குக் கோவம்?” என்றார் கஸ்பார், கொஞ்சம் வேகமாக.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றும் சோறு கடலுக்குத்தான் போனது.

இதற்குப் பிறகு பரலோகமாதாவின் ஐந்து பேரும் நடந்துகொண்ட விதத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ரெஜினாள் மட்டும்தான் கவனித்தாள். அவர்கள் கல்யாண வீட்டு மைக் செட் ஒன்றை, இரண்டு குழாய் ஸ்பீக்கரோடு, தோணியில் ஏற்றினார்கள். கடலில் யாருக்குப் பாட்டு வைக்கிறார்கள்? மைக் செட் உப்புக் காற்றில் கெட்டுப்போனதும் ஆளுக்கொரு தகர டின்னை எடுத்துப்போனார்கள். டீசல் இல்லாமல் ஓடுகிற தோணிக்குப் புது விசிறியும் தண்டும் வாங்க கஸ்பார் தூத்துக்குடிக்கு நாலு தடவை போய்வந்தார். ஓசியில் ஓடுகிற தோணிக்கு எதற்கு என்ஜின் என்று கேட்டால், பழகிவிட்டது என்றார். பெர்க்மான்ஸ் செத்துக்கிடந்த என்ஜினுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார்.

ஒரு மத்தியானம் பெர்க்மான்ஸ் கிட்டங்கிக்கு வந்து அவள் முன்னால் குத்தவைத்தார். அப்போது அங்கே மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் கேட்டதை வைத்துத்தான் இதைச் சொல்கிறோம்.

“மைனி, அந்தச் சோறை வாங்கிருங்க. வாங்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

“எல்லாருக்கும்னா யாருக்கு?”

அவர் கீழே கிடந்த சணல் துணுக்கை எடுத்து விரலில் சுற்றினார்.

“டின்னு எதுக்கு எடுத்துட்டுப் போறிய?”

“சத்தம் இல்லாட்டா படுக்க முடியல மைனி.”

“சத்தம் இல்லாட்டாத்தானே தம்பி ஊரு உலகத்துல தூங்குவாவ?”

 ரெஜினாள் ஊசியில் சணல் கோத்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, “அவரு போன அந்த நடைக்கு ஜல்லி மூட்டை எல்லாம் நான்தான் வாய் தச்சேன். தச்சுத் தச்சு விரலு வீங்கிப்போச்சு. எப்பவும் அவ்வளவு தைக்க மாட்டேன்” என்றாள். பெர்க்மான்ஸ் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டார்.

தோணியின் பக்கவாட்டில் வெள்ளைக்கோடு ஒன்று போட்டிருப்பார்கள். எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அந்த நடைக்கு அது தண்ணீருக்குள் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஏற்றினவர்களே நாங்கள்தான். கடல் அமைதியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் முற்றத்தில் ரெஜினாள் மச்சாது தலைவரின் முன்னால் வந்து நின்றாள். புது விசிறி பொருத்தி என்ஜின் தயாராகியிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

“நான் சோறை வாங்குதேன்” என்றாள். “வெள்ளையும் உடுத்துதேன். பூசையும் வைங்க. ஒரே ஒரு காரியம். தோணியைத் துறையில கட்டிப்போட்டு, அஞ்சு பேரும் அன்னைக்கு இருந்த மாதிரி அதுல ஏறி, என்ஜினை முழுசா ஓட விடணும். நான் ஒரு சின்ன வள்ளத்துல பின்னால பத்துப் பாகம் தள்ளி இருப்பேன். ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். யாருக்கும் கேக்கலேன்னா, மாமா சொன்னது சரி.”

மச்சாது கஸ்பாரைப் பார்த்தார். ஊரே கஸ்பாரைப் பார்த்தது. முடியாது என்று எப்படிச் சொல்வது? “அவளுக்கு அதுல மனசு ஆறும்னா செய்யட்டும்” என்றார் அவர். எங்களுக்கு உள்ளுக்குள் அவள்மேல்தான் கோபம், முடிந்துபோன ஒரு துக்கத்தை இவள் ஏன் இப்படிக் கிளறுகிறாள் என்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கப்பல்காரனுக்கு ஒரு சொல்லுக்கு மட்டும் மூளை வேலை செய்யாது, கை வேலை செய்யும். கடலில் ‘கயிறு’ என்று ஒரு குரல் கேட்டால், யார், எதற்கு, எங்கே என்று யோசிப்பதற்கு முன்னால் கை பக்கத்தில் கிடக்கிற கயிற்றை எடுத்துக் குரல் வந்த பக்கம் எறிந்திருக்கும். அப்படிப் பழகாதவனைத் தோணியில் ஏற்றுவதில்லை. மச்சாது தலைவர் மகள் கல்யாணத்தில் பந்தல்காரன் உச்சியிலிருந்து “கயிறு!” என்று கத்தியபோது, பந்தியில் இருந்த பதினோரு பேர் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள், தண்டல் கஸ்பார் கயிறு அகப்படாமல் தோளில் கிடந்த துண்டையே எறிந்துவிட, அது குழம்பு அண்டாவுக்குள் விழுந்தது. அதைச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம்.

துறையில் அன்று எள் போட்டால் விழாத கூட்டம். இரண்டு வடக்கயிறுகளால் தோணியைக் கட்டினார்கள். இழுவைச் சோறு தாம்பாளத்தில் தயாராக இருந்தது, துறைமுக அதிகாரி ஞாயிறு என்றும் பாராமல் படிவத்தோடு வந்திருந்தார். பெர்க்மான்ஸ் என்ஜினைக் கிளப்பினார். பல மாதத்துக்குப் பிறகு அந்த இருமலைக் கேட்டதும் எங்களில் சிலருக்குக் கண் கலங்கியது. விசிறி முழு வேகத்தில் சுழன்றது, தோணி முன்னால் பாயத் திமிறியது, வடங்கள் விறைத்து முனகின. ஐந்து பேரும் முன்பக்கம் பார்த்தபடி இருந்தார்கள், கழுத்தைக்கூட அசைக்கவில்லை. கஸ்பார் சுக்கானைப் பிடித்தபடி, போட்டோவுக்கு நிற்கிறவரைப் போல நின்றார்.

ரெஜினாள் வள்ளத்தில் நின்றாள். கூப்பிடவில்லை.

அரை மணி போனது. கூப்பிடவில்லை. மாமா என்று கூப்பிடுவாளா, மாதாவைக் கூப்பிடுவாளா, புருஷன் பேரைக் கூப்பிடுவாளா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒரு மணி ஆயிற்று. வெயில் உச்சிக்கு வந்தது. தோணியில் ஒருவன் பீடி பற்றவைத்தான். இன்னொருவன் சோற்றுத் தாம்பாளத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். கஸ்பார் சுக்கானை விட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார், தோள் இறங்கி, வழக்கமான தண்டலாக, எந்த நடையிலும் எந்த மத்தியானத்திலும் நிற்கிற மாதிரி நின்றார்.

“கயிறு!”

அது அவள் குரலாகவே இல்லை. கடலில் விழுந்தவன் மாதாவைக் கூப்பிட மாட்டான், பெண்டாட்டியையும் கூப்பிட மாட்டான், கயிற்றைத்தான் கூப்பிடுவான் என்று மூன்று வருஷம் தைத்துக்கொண்டே யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். என்ஜின் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. தண்டல் கஸ்பாரின் கை காலடியில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்தது, இடுப்பு திரும்பியது, கயிறு அவிழ்ந்து அவிழ்ந்து பத்துப் பாகத்துக்கும் நீண்டு போய், வள்ளத்தின் குறுக்கே, அவள் முழங்காலில் விழுந்தது. எறிந்து முடித்த பிறகுதான் அவருக்குத் தான் செய்தது தெரிந்தது. நீட்டிய கையை மடக்க முடியாமல் அப்படியே நின்றார்.

துறையில் நின்ற நாங்கள் அந்தக் கயிற்றைப் பார்த்தோம்.

ரெஜினாள் உட்கார்ந்து, வள்ளத்தின் பலகையில் காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மூட்டை தைக்கிற கை. முதல் இழுப்பில் ஒரு வடம் அறுந்தது, இரண்டாவது இழுப்பில் மற்றொன்று. என்ஜின் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது, விசிறி தண்ணீரை நுரையாகக் கடைந்தது, ஆனால் பரலோகமாதா தன் இருபத்துநாலு துடுப்புக் காலத்து அடிக்கட்டையோடும் ஐந்து ஆள் சுமையோடும் பின்னால் வந்தது. ஒரு பாகம், இன்னொரு பாகம். பிறகு அது தானாகவே மெல்லத் திரும்பி, அவளுக்கு முகம் காட்டி, வள்ளத்தில் இடிக்காமல் பக்கத்தில் வந்து நின்றது. மூன்று வருஷம் கழித்துத் திரும்பியது. பெர்க்மான்ஸ் என்ஜினை நிறுத்திவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“கேட்டுச்சு” என்றார் கஸ்பார். கத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. “எல்லாருக்கும் கேட்டுச்சு தாயி. ரெண்டு தடவை கூப்பிட்டான். இதே மாதிரி, கயிறுன்னுதான் கூப்பிட்டான். எறிஞ்சேன், எட்டல. தோணியைத் திருப்பணும். அலை பெருசு, வெள்ளைக்கோடு முங்கிக் கெடக்கு, குறுக்க திருப்பினா கவுந்துரும். அஞ்சு பேரு இருக்கோம்னு நெனச்சேன். பெர்க்மான்ஸை இன்னும் வேகமா ஓட்டச் சொன்னேன். கேக்காம இருக்கட்டும்னுதான் ஓட்டச் சொன்னேன். இப்பம் சத்தமில்லாம ஓடுதப்பல்லாம் அந்த எடம் வந்தா கேக்கு.”

ரெஜினாள் கயிற்றை விடவில்லை. “என் புருஷன் இழுக்கலை” என்றாள். “எவனாவது தன்னை விட்டுட்டுப் போனவனை இழுப்பானா? தோணிக்குத்தான் பொறுக்கல.” பிறகு கரையைப் பார்த்துத் திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். “வெள்ளைக்கோடு முங்கினதை யாரெல்லாம் பாத்திய?” என்றாள்.

 அவள் பதிலுக்காக நிற்கவில்லை. எங்களுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

வள்ளத்தைக் கரையில் ஏற்றி இறங்கி, நேராகத் தாம்பாளத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். “நாளைக்கு பூசை வைங்க பாதர்” என்றாள். மச்சாது தலைவர் தயங்கித் தயங்கி, இந்தச் சோறு தொபியாஸுக்கு உரியது என்று என்னவோ சொல்லத் தொடங்கினார்.

“இன்னைக்கு இழுத்தது யாரு?” என்று கேட்டாள்.

தலைவர் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். துறைமுக அதிகாரி பேனாவைத் திறக்காமல், படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ரெஜினாள் சோற்றைப் பிசைந்தாள். கை எரிந்திருக்க வேண்டும், கயிறு உள்ளங்கைத் தோலை உரித்திருந்தது, குழம்பு பட்டதும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அவசரப்படவில்லை. அழுதுகொண்டேதான் தின்றாள், மூன்று வருஷமாக அழாத அழுகை, ஆனால் ஒரு வாயைக்கூட நிறுத்தவில்லை. வழக்கம் வழக்கம்தான், கடைசிப் பருக்கை வரைக்கும் நாங்கள் நின்றோம். பாதர் நின்றார், தலைவர் நின்றார், தோணியிலிருந்து இறங்கி வந்த ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என்ஜின் இல்லை, மேளம் இல்லை, கடலில்கூட அன்று பெரிய அலை இல்லை. அவள் மென்று விழுங்குகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.